பசுமை வீட்டின் தோன்றா எழுவாய்

'வீட்டிலேயே பசுமையாக வாழ எளிய வழிகள்' என்ற தலைப்பில் எது கைக்கு வந்தாலும் நான் முதலில் வினைச்சொற்களைத்தான் எண்ணுவேன். அலசுங்கள், காயவையுங்கள், பிரித்து வையுங்கள், ஊறவையுங்கள், கிளறிவிடுங்கள், பிடித்துவைத்துச் செடிக்கு ஊற்றுங்கள். எல்லாம் ஏவல். எல்லாம் மரியாதையான ஏவல். யார் செய்ய வேண்டும் என்பது மட்டும் இருக்காது. பள்ளியில் இதற்குத் தோன்றா எழுவாய் என்று பெயர் சொல்லிக் கொடுத்தார்கள். 'வா' என்றால் எழுவாய் 'நீ'. சொல்லாமலே தெரியும். 'பால் பாக்கெட்டை அலசிக் காயவையுங்கள்' என்றாலும் சொல்லாமலே தெரிகிறது. வீட்டில் ஐந்து பேர் இருந்தாலும் எழுவாய் ஒருத்திதான்.

'எளிய' என்ற சொல்லின் மேலும் எனக்குச் சந்தேகம் உண்டு. ஒரு வேலையை எளிது என்று சொல்கிறவர் பெரும்பாலும் அதைச் செய்யாதவர். அதனால் ஒரு வாரம் உட்கார்ந்து நேரம் குறித்துப் பார்த்தேன். பால் பாக்கெட்டுகளை வெட்டி அலசிக் கொடியில் மாட்டுவது. காய்கறித் தோலைப் பொடியாக நறுக்கி உரத்தொட்டியில் போட்டு, காய்ந்த இலை சேர்த்துக் கிளறுவது. புழு வந்தால் வேப்பம்புண்ணாக்கு தேடுவது. ஆர்.ஓ. மெஷின் வெளியேற்றும் தண்ணீரை வாளியில் பிடித்து, வாளி நிரம்பி வழிவதற்குள் ஓடிப்போய் மாற்றுவது. மீன் வாங்கிய துணிப்பையைத் தனியாகத் துவைப்பது. பூந்திக்கொட்டையை முந்தின இரவே ஊறப்போட மறக்காமலிருப்பது. ஒவ்வொன்றும் மூன்று நிமிடம், ஐந்து நிமிடம். ஆனால் எங்கள் வீட்டில் எந்த நாளும் மொத்தம் நாற்பது நிமிடத்துக்குக் குறையவில்லை. மறக்காமலிருப்பதற்கு ஆகும் நேரத்தை இதில் சேர்க்கவில்லை, அதை எந்தக் கடிகாரத்தில் அளப்பது?

பயோ என்சைம் என்று ஒன்று இப்போது வாட்ஸ்அப் குழுக்களில் ஓடுகிறது. ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு எலுமிச்சை ஆரஞ்சுத் தோல், பத்துப் பங்கு தண்ணீர். மூன்று மாதம் ஊற வேண்டும். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து வாயுவை வெளியேற்ற வேண்டும், இல்லையென்றால் பாட்டில் வெடிக்கும். தொண்ணூறு நாள் காவல் காத்து எடுக்கிற திரவத்தைக் கொண்டு தரையைத் துடைக்கலாமாம். தரையைத் துடைப்பதும் அவளேதான். இதை 'எளிய பழக்கம்' என்று எழுதியவர் அந்தப் பாட்டிலை ஒருநாளாவது திறந்து மூடியிருப்பாரா என்று தெரிந்துகொள்ள ஆசை.

இந்த நாற்பது நிமிடம் காலியாகக் கிடந்த நேரத்தில் வந்து உட்காரவில்லை. ஒன்றிய அரசின் புள்ளியியல் அமைச்சகம் 2024இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் உழைக்கிறாள். ஆண் 88 நிமிடம். 2019 கணக்கெடுப்பில் இவை 299, 97 என்று இருந்தன. ஐந்தாண்டில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது என்று மகிழலாமென்றால், ஆணுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. அவள் இறக்கிவைத்த பத்து நிமிடத்தை அவன் தூக்கிக்கொள்ளவில்லை என்பது மட்டும் உறுதி. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தச் சராசரி, வீட்டு வேலையில் கை வைக்கிறவர்களுக்கு மட்டுமானது. 2019இல் அப்படிக் கை வைத்த ஆண்கள் 26.1 விழுக்காடு, பெண்கள் 81.2 விழுக்காடு. மீதியுள்ள முக்கால்வாசி ஆண்கள் அந்த 97 நிமிடத்துக்குள்ளும் இல்லை.

ஏற்கெனவே ஐந்து மணி நேரம் சுமக்கிறவளின் தலையில்தான் பூமியைக் காப்பாற்றும் பொறுப்பையும் ஏற்றுகிறோம். சுற்றுச்சூழல் மேல் அக்கறை இல்லாததால் நான் இதை எழுதவில்லை. அக்கறை இருப்பதால்தான், அது யாருடைய முதுகில் ஏறிப் போகிறது என்று கேட்கிறேன்.

பாட்டிலைக் கழுவுவது ஒரு காலத்தில் கம்பெனி வேலையாக இருந்தது. கோலிசோடா குடித்துவிட்டு பாட்டிலைக் கடையிலேயே வைத்துவிட்டு வருவோம். அது வண்டியேறிப் போகும், கழுவப்படும், மறுபடி நிரப்பப்படும். குடித்தவர் வீட்டுப் பெண் அதைத் தொடவேண்டியதில்லை. தூக்கிப்போடும் பாட்டிலும் டப்பாவும் பையும் வந்தபோது கம்பெனிக்குக் கழுவும் செலவு மிச்சமானது. அந்த வேலை மறைந்துவிடவில்லை. வீட்டுக்குள் வந்தது. அமெரிக்காவில் இது எப்படி நடந்தது என்பதற்கு ஆவணமே இருக்கிறது. 1953இல் வெர்மான்ட் மாநிலம் திரும்பப் பெறாத பீர் பாட்டில்களைத் தடைசெய்தது. அதே ஆண்டில் பான நிறுவனங்களும் டப்பா செய்யும் நிறுவனங்களும் சேர்ந்து 'கீப் அமெரிக்கா பியூட்டிஃபுல்' என்ற அமைப்பைத் தொடங்கின. குப்பை போடுகிற தனிமனிதர்தான் குற்றவாளி என்பது அதன் பிரசாரம். வெர்மான்ட் சட்டம் சில ஆண்டுகளில் காலாவதியானது, பிரசாரம் ஆகவில்லை. அரை நூற்றாண்டு கழித்து, 2004 வாக்கில், அவரவர் கார்பன் தடத்தை அவரவரே கணக்கிட்டுக்கொள்ளும் கருவியை உலகத்துக்குப் பரப்பியது பிபி என்ற எண்ணெய் நிறுவனம். பூமியிலிருந்து எண்ணெயை உறிஞ்சி விற்கிறவர், நம் அடுப்படியைப் பார்த்து 'நீங்கள் எவ்வளவு புகை விட்டீர்கள்?' என்று கேட்கிறார்!

நம் ஊருக்கு வருவோம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்கள் 14 வகை தடைசெய்யப்பட்டன. நல்ல சட்டம், நான் வரவேற்றேன். ஆனால் பால், எண்ணெய், மருந்து உறைகள் போன்றவற்றுக்கு விலக்கு கொடுத்தார்கள். எங்கள் சமையலறைக் குப்பையில் தினமும் சேர்வது இவைதான். 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது. அதையும் கேலி செய்ய மாட்டேன், மஞ்சப்பை எனக்குப் பிடிக்கும். ஆனால் கடைக்குள் இருக்கும் பாக்கெட்டுகள் அப்படியே இருக்க, அவற்றைத் தூக்கிவரும் பை மட்டும்தான் துணியாக மாறியிருக்கிறது.

வேறு மாதிரியும் செய்ய முடியும் என்பதற்கு டாஸ்மாக்கே சாட்சி. நீலகிரிக் காடுகளில் உடைந்த மதுபாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிப்பதாக வழக்கு வந்து, சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. 2022இல் அங்கே பாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் திட்டம் வந்தது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் போனது. குடிக்கிற ஆண்களிடம் 'பாட்டிலை அலசிக் காயவைத்துப் பிரித்து வையுங்கள், இயற்கை அன்னை உங்களை வாழ்த்துவாள்' என்று யாரும் துண்டறிக்கை கொடுக்கவில்லை. விலையில் வைத்தார்கள், கடையில் வாங்கிக்கொண்டார்கள். பாட்டில் வாங்கி அடுக்குவது கூடுதல் வேலை, ஆள் வேண்டும் என்று கடை ஊழியர்களின் சங்கங்கள் போராடின. நியாயமான போராட்டம். கூடுதல் வேலைக்கு ஆள் கேட்க அவர்களுக்குச் சங்கம் இருக்கிறது. பால் பாக்கெட்டை அலசுகிறவளுக்கு என்ன இருக்கிறது? மதுபாட்டிலுக்குச் செய்ய முடிந்ததை ஷாம்பு பாட்டிலுக்கும் எண்ணெய் டின்னுக்கும் ஏன் செய்ய முடியாது என்று நான் கேட்டால் 'நடைமுறைச் சிக்கல்' என்கிறார்கள். ஒரு பெண்ணின் நாற்பது நிமிடம் யாருடைய நடைமுறையிலும் சிக்கலாகத் தெரிவதில்லை.

2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதையும் இந்த இடத்தில் நினைக்கிறேன். செய்யாவிட்டால் குடிநீர் இணைப்பைத் துண்டிப்போம் என்றார்கள். கொத்தனார் வந்தார், குழாய் போட்டார், தொட்டி கட்டினார், போய்விட்டார். வருடத்துக்கு ஒருமுறை மொட்டைமாடியையும் தொட்டியையும் சுத்தம் செய்தால் மழை தானாக இறங்கிப் போகும். அந்தத் திட்டத்திலும் ஓட்டைகள் உண்டு. பராமரிப்பில்லாமல் அடைத்துக் கிடக்கும் குழாய்கள் ஊரெங்கும் இருக்கின்றன. ஆனாலும் எனக்குத் தெரிந்த பசுமைத் திட்டங்களில், தினசரி வேலையாகப் பெண்ணின் தலையில் வந்து விடியாதது அதுதான். அமைப்பைக் கட்டினார்கள், பழக்கத்தைப் போதிக்கவில்லை.

இதைச் சொன்னால் உடனே பாட்டியை அழைத்து வருவார்கள். 'நம் பாட்டிமார் பசுமையாகத்தானே வாழ்ந்தார்கள்? சாம்பலில் பாத்திரம் துலக்கினார்கள், அம்மியில் அரைத்தார்கள், எதையும் வீணாக்கவில்லை.' உண்மைதான். அவர்கள் விறகுப் புகையில் இருமினார்கள் என்பதும், மைல் கணக்கில் தண்ணீர் சுமந்தார்கள் என்பதும், தோள்பட்டை இறங்கும்வரை ஆட்டுக்கல்லைச் சுற்றினார்கள் என்பதும் அந்த உண்மையின் மறுபாதி. வீணாக்காமல் இருந்தது கொள்கையால் அல்ல, வீணாக்க ஒன்றும் இல்லாததால். கொஞ்சம் வசதியான வீட்டுப் பாட்டியென்றால், அவர் வீட்டு அழுக்குத்துணியை ஒரு சாதி துவைத்தது, அவர் வீட்டுக் கழிப்பிடத்தை இன்னொரு சாதி அள்ளியது. அந்தக் கைகளை வெட்டி ஒதுக்கிவிட்டு எடுத்த புகைப்படம்தான் 'பாட்டியின் பசுமை வாழ்வு'.

அம்மிக்குத் திரும்பச் சொல்கிறவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. 750 வாட் மிக்ஸி பத்து நிமிடம் ஓடினால் ஒரு யூனிட்டில் எட்டில் ஒரு பங்கு. ஒன்றரை டன் ஏ.சி. ஒரு மணி நேரம் முழுவீச்சில் ஓடினால் ஏறக்குறைய ஒன்றரை யூனிட். அதாவது பன்னிரண்டு நாள் சட்னியை ஒரு மணி நேரத் தூக்கம் தின்றுவிடும். ஆனால் பசுமைப் பட்டியல்கள் மிக்ஸியைப் பற்றிப் பேசும் அளவுக்கு ஏ.சி. பற்றியோ, தெருமுனைக் கடைக்கு சிகரெட் வாங்க எடுக்கும் பைக்கைப் பற்றியோ, ஆளுக்கொரு காரைப் பற்றியோ பேசுவதில்லை. அவற்றின் சாவி வேறு கையில் இருக்கிறது. 2011இல் இலவச மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் கொடுத்தபோது மூக்கைச் சுளித்தவர்களில் பலர் இன்று அம்மியின் அருமை பேசுகிறார்கள் என்பதை ஓரமாகக் குறித்து வைக்கிறேன்.

மாதவிடாய்க்கும் பசுமை வந்துவிட்டது. நாப்கின் மக்காது, ஆகவே துணிக்கு மாறுங்கள், கப்புக்கு மாறுங்கள். கப் எனக்கு ஒத்துவந்தது. என் தோழிக்கு ஒத்துவரவில்லை. இது உடம்பின் விஷயம், ஒழுக்கத்தின் விஷயமல்ல. ஆனால் கல்லூரிக் கருத்தரங்குகளில் இப்போது பதினெட்டு வயதுப் பெண்களிடம் அவர்கள் வாழ்நாளில் எத்தனை நாப்கின் குப்பையில் போடுவார்கள் என்று திரையில் எண்ணிக் காட்டுகிறார்கள். அப்படி ஒரு கூட்டம் முடிந்து வெளியே வரும்போது விடுதி மாணவி ஒருத்தி என்னிடம் சொன்னாள்: "மேம், துணியை நல்ல வெயில்ல காயப்போடணும்னு சொல்றாங்க. எங்க ஹாஸ்டல்ல வெயில் படற கொடி ஒண்ணே ஒண்ணுதான் மேம். அது வாட்ச்மேன் அண்ணா உக்கார்ற இடத்துக்கு நேரா இருக்கு." துவைக்கத் தண்ணீர், காயவைக்கக் கூச்சமில்லாத ஒரு கொடி, கப்பைக் கொதிக்கவைக்க ஓர் அடுப்பு. இவை இருக்கிற பெண்ணுக்குத்தான் அது தேர்வு. இல்லாதவளுக்கு அது நோய்த்தொற்று, அதன்மேல் குற்றவுணர்ச்சி. பயன்படுத்திய நாப்கினைச் சுற்றிப்போட உறையைத் தயாரிப்பாளர்தான் தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இருந்தது. அந்த வரியை எந்தக் கருத்தரங்கிலும் திரையில் காட்டி நான் பார்த்ததில்லை.

எல்லாப் பழக்கத்தையும் உதறுங்கள் என்று நான் சொல்கிறேனா? இல்லை. குப்பையைப் பிரிப்பதை நான் விடமாட்டேன். பிரிக்காமல் போடும் நாப்கினும் உடைந்த கண்ணாடியும் ஊசியும் இன்னொரு பெண்ணின் கைக்குத்தான் போகின்றன. அவள் பெரும்பாலும் தலித் பெண். பல சமயம் கையுறைகூட இல்லாதவள். என் நாற்பது நிமிடத்தில் அவளுக்காகச் செலவாகும் ஐந்து நிமிடத்தை எந்தப் பெண்ணியத்தின் பேராலும் நான் மிச்சம் பிடிக்க மாட்டேன். ஆனால் நான் தனித்தனியாகக் கொடுக்கும் மக்கும் குப்பையும் மக்காத குப்பையும் எங்கள் தெருமுனையில் ஒரே வண்டிக்குள் போவதைப் பலமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன். கேட்டால் அந்தப் பெண், "நான் என்ன பண்றதுக்கா, ஒரே வண்டிதான் குடுத்திருக்காங்க" என்பாள். அவள் சொல்வது சரி. வீட்டில் எனக்குத் தனித்தனித் தொட்டி வைத்துக்கொள்ளச் சட்டம் இருக்கிறது, அவளுக்கு இரண்டாவது வண்டி இல்லை.

2025 ஆகஸ்ட் 1 முதல் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்தார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பைப் பணியைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து, வேலையும் கூலியும் போய்விடும் என்று. அவர்களில் பெருந்திரளானவர்கள் பெண்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் காவல் துறை அவர்களை அப்புறப்படுத்தியது. உரத்தொட்டியின் படத்தைத் தினமும் பகிர்ந்துகொள்ளும் என்னுடைய பசுமைக் குழு ஒன்றில் அந்த இரண்டு வாரமும் இதைப் பற்றி ஒரு வரி வரவில்லை. நான் போட்ட செய்திக்கு, 'இங்கே அரசியல் வேண்டாமே' என்று ஒரு தோழி கைகூப்பும் பொம்மையோடு பதில் போட்டார். குப்பை பசுமையாம், குப்பை அள்ளுகிறவள் அரசியலாம்.

வீட்டு வேலைக்கு வரும் அக்காக்களை இந்தப் பேச்சில் யாரும் சேர்ப்பதே இல்லை. அடுக்குமாடிகளில் 'பசுமைக் குடியிருப்பு' என்று தீர்மானம் போடுகிறார்கள். மறுநாள் முதல் உரத்தொட்டி கிளறுவதும் பாக்கெட் அலசுவதும் அவர் வேலையாகிறது. சம்பளம் அதேதான். படித்த பெண் தன் தோளிலிருந்து இறக்கியதை இன்னொரு பெண் தோளில் வைத்துவிட்டு அதற்கு விடுதலை என்று பெயர் வைத்தால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பெண் இயற்கைக்கு நெருக்கமானவள், தாய்மை உள்ளவள், ஆகவே பூமியைக் காப்பது அவளுக்கு இயல்பாக வரும் என்று ஒரு இனிப்பான வாதம் உண்டு. பெண்ணியத்துக்குள்ளேயே அதற்கு ஆதரவாளர்கள் உண்டு. 1992லேயே பொருளியலாளர் பினா அகர்வால் இதற்குப் பதில் எழுதிவிட்டார். விறகுக்கும் தண்ணீருக்கும் தீவனத்துக்கும் நடந்துபோகிறவள் பெண் என்பதாலும், நிலம் அவள் பெயரில் இல்லை என்பதாலும்தான் காடு அழிவது அவளை முதலில் அடிக்கிறது. அது உழைப்பின், சொத்தின் உறவு. கருப்பையின் உறவல்ல. எனக்கு இயல்பாக வருவது தூக்கம். உரத்தொட்டி கிளற நான் கற்றுக்கொண்டேன். ஓர் ஆணும் கற்றுக்கொள்ளலாம், அதற்கு அவனுக்கு இருக்கும் இரண்டு கைகள் போதும்.

ஆகவே, மாணவிகளே, உங்கள் கல்லூரிச் சூழல் மன்றத்திலிருந்து தொடங்குங்கள். மரக்கன்று நட்டு மண்வெட்டியோடு படம் எடுத்துக்கொள்வது யார், துணிப்பை தைப்பது யார், விழா முடிந்தபின் மைதானத்தில் இலைத்தட்டு பொறுக்குவது யார் என்று ஒரு மாதம் எழுதி வையுங்கள். வீட்டிலும் அந்தப் பட்டியல்களை வெட்டி ஒட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் எதிரே ஒரு பெயரையும் நிமிடத்தையும் எழுதுங்கள். அப்பாவின் பெயர், அண்ணனின் பெயர், தம்பியின் பெயர். வார்டு உறுப்பினரிடம் உரக்கிடங்கு கேளுங்கள், இரண்டாவது வண்டி கேளுங்கள். கம்பெனி தன் பாக்கெட்டைத் தானே திரும்பப் பெறட்டும் என்று கேளுங்கள். பெயரில்லாத எந்தப் பசுமை வேலையையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

நான் வேலை செய்யும் இடத்தில் 'பிளாஸ்டிக் இல்லா விழா' நடத்தினோம். 200 எவர்சில்வர் டம்ளர்கள் வாங்கினார்கள். மேடையில் கைதட்டல். காபி முடிந்ததும் அந்த 200 டம்ளரையும் கழுவியது ஒப்பந்தத்தில் பெருக்க வரும் இரண்டு பெண்கள். அன்று அவர்கள் வீட்டுக்குப் போனபோது இருட்டிவிட்டது. கூடுதல் கூலி கிடையாது. மறுநாள் நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். இனி ஒவ்வொரு விழாவுக்கும் டம்ளர் கழுவ முறை வைக்க வேண்டும், அதில் துறைத்தலைவர்கள் பெயரும் இருக்க வேண்டும், முடியாதென்றால் அந்தப் பெண்களுக்குக் கூடுதல் கூலி தர வேண்டும். பதில் வரவில்லை. அடுத்த கூட்டத்தில் காகிதக் கோப்பைகள் வந்தன, உள்ளே பிளாஸ்டிக் பூசியவை, 2019 தடைப் பட்டியலில் உள்ளவை. டம்ளர்கள் பீரோவில் பூட்டியிருக்கின்றன. யாரும் கழுவ முன்வராததால் கைவிட்டோம் என்று யாரும் சொல்லவில்லை, 'நேரமில்லை' என்று சொன்னார்கள். ஜனவரியில் அடுத்த விழா. அதே கடிதத்தை மறுபடி கொடுக்கப்போகிறேன். இந்த முறை முறைப்பட்டியலை நானே தயாரித்து இணைத்திருக்கிறேன். முதல் வாரத்துக்கு என் பெயரும் முதல்வர் பெயரும்.